இஞ்சின் டைமிங் கோளாறா? பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

“டைமிங் அவுட் ஆயிருக்கும், பிரிச்சுப் பார்த்திடலாம்” என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். டைமிங் பெல்ட்டையோ செயினையோ முழுதாகப் பிரித்துப் பார்க்க, பெரும்பாலும் இஞ்சினின் முன்பக்கம் முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும். பில்லில் பெரிய தொகை அந்தக் கழற்றி மாட்டும் கூலிதான். கழற்றிய பிறகு “இங்கே எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்று தெரிந்தாலும் கூலி குறையாது.

என் காருக்கு இந்தச் சந்தேகம் வந்தபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவர் சென்சார் என்றார், மாற்றியாயிற்று. இன்னொருவர் சோலனாய்டு என்றார், அதையும் மாற்றியாயிற்று. இஞ்சின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்ற வரிசை அதற்கப்புறம்தான் பிடிபட்டது. செலவே இல்லாத சோதனைகள் முதலில், காசு கேட்பவை பின்னால். இடையில் ஒரே ஒரு விதி: ஒன்றையொன்று சாராத இரண்டு சோதனைகள் ஒரே பதிலைச் சொல்லும்வரை எதையும் வாங்கவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம்.

1. எந்த டைமிங் என்று முதலில் தெளிவாகுங்கள்

ஒரே பெயரில் இரண்டு விஷயங்கள் புழங்குகின்றன. ஒன்று வால்வு டைமிங். பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பது பெல்ட் அல்லது செயின். அது ஒரு பல் தாண்டினாலோ, நீண்டு தளர்ந்தாலோ வால்வுகள் தப்பான நேரத்தில் திறந்து மூடும்.

இன்னொன்று இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் எப்போது அடிக்கிறது என்பது. கலவை எரிந்து முடிய நேரம் எடுக்கும் என்பதால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். மிக முந்தினால் நாக்கிங் சத்தம், மிகப் பிந்தினால் இழுவை இருக்காது, இஞ்சின் சூடேறும். டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பகுதி) உள்ள பழைய கார்களில் இதைக் கையால் திருப்பிச் சரிசெய்யலாம். புதிய கார்களில் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது, திருப்புவதற்கு ஒன்றும் கிடையாது. “இக்னிஷன் டைமிங் செட் பண்ணித் தர்றேன்” என்று உங்கள் புதிய காரைப் பார்த்து யாராவது சொன்னால், என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள்.

டீசலில் ஸ்பார்க்கே இல்லை. அங்கே இரண்டாவது இடத்தில் இருப்பது டீசல் எப்போது பீய்ச்சப்படுகிறது என்பது. பழைய டீசல்களில் பம்பையும் அதே பெல்ட்தான் ஓட்டும். வால்வு பக்கச் சோதனைகள் ஏறக்குறைய ஒன்றே.

2. செல்ஃப் அடிப்பதை நிறுத்த வேண்டிய நேரம்

இதை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் போதும். ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று நின்றுவிட்டது. செல்ஃப் அடித்தால் வழக்கத்தைவிட வேகமாக, எதிர்ப்பே இல்லாமல், ஒரே சீராக “விர்ர்” என்று சுற்றுகிறது. அப்படியென்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது, இல்லை. பெல்ட் அறுந்திருக்கலாம், அல்லது பல பற்கள் தாண்டியிருக்கலாம். இந்த நிலையில் “இன்னொரு தடவை அடிச்சுப் பார்க்கலாம்” என்பது மிக ஆபத்தான யோசனை.

காரணம் இது. பல இஞ்சின்களில் முழுதாகத் திறந்த வால்வும் உச்சிக்கு வரும் பிஸ்டனும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. நேரம் மட்டும் வேறு வேறு. நேரம் தப்பினால் பிஸ்டன் வால்வில் இடிக்கும், வால்வு வளையும். இதற்கு இன்டர்ஃபியரன்ஸ் இஞ்சின் என்று பெயர். வால்வு வளையாதவரை செலவு பெல்ட்டோடு முடிந்துவிடும். வளைந்தால் வால்வுகள் இருக்கும் இஞ்சினின் மேல்பகுதியை, அதாவது ஹெட்டை, இறக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள தொகை வித்தியாசம் பெரியது. உங்கள் இஞ்சின் எந்த வகை என்று தெரியாவிட்டால் இன்டர்ஃபியரன்ஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கூடாது. அதிலும் கிராங்க் சுற்றத்தான் செய்கிறது. வண்டியைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். கயிறு கட்டி இழுப்பதானால் கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஆட்டோமேட்டிக் என்றால் இழுக்கலாமா என்றே கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. காகிதங்களை எடுத்து வையுங்கள்

கருவிகளுக்கு முன் காகிதம். பலரும் தாண்டிப் போகும் படி இதுதான், ஆனால் பாதி விடை இங்கேயே இருக்கும்.

சர்வீஸ் புத்தகத்தில் பெல்ட் கடைசியாக எந்தக் கிலோமீட்டரில், எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்று பாருங்கள். பெல்ட்டுக்கு இரண்டு கெடு உண்டு: கிலோமீட்டர் ஒன்று, வருடம் ஒன்று. எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. குறைவாக ஓடிய காரில் ரப்பர் வயதாகிப் போவதை ஓடோமீட்டர் காட்டாது. பழைய காரை வாங்கியவர்கள் “போன ஓனர் மாத்திட்டார்” என்ற பேச்சை ஏற்காதீர்கள். பில் இருக்க வேண்டும், அல்லது பெல்ட் மூடியில் கிலோமீட்டர் எழுதிய ஸ்டிக்கர் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மாற்றவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

செயின் உள்ள இஞ்சினுக்குப் பெரும்பாலும் கெடு எழுதியிருக்காது. அதனால் “செயின்னா ஆயுளுக்கும் கவலை இல்லை” என்றொரு நம்பிக்கை. செயினின் ஆயுள் ஆயிலில் இருக்கிறது. ஆயில் மாற்றாமல் இழுத்தடித்த காரில் செயினின் ஒவ்வொரு பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மொத்த நீளம் கூடிவிடும். அதனால் செயின் காருக்கு ஆயில் மாற்றிய பில்கள்தான் ஆதாரம்.

அடுத்து இஞ்சின் கோடு, அதாவது இஞ்சின் எந்த வகை என்ற குறியீடு. ஒரே மாடல் காரில் வெவ்வேறு இஞ்சின்கள் வரும். பதிவுச் சான்றிதழிலும், பானெட்டுக்கு அடியில் உள்ள தகட்டிலும், இஞ்சின் பிளாக்கிலும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வொர்க் ஷாப் மேனுவலை அந்தக் கோடுக்கு உரியதாகத் தேட வேண்டும். காருடன் தரும் சிறிய கையேடு வேறு, மெக்கானிக்குகளுக்கான மேனுவல் வேறு. டைமிங் மார்க் (கிராங்க்கும் கேமும் சரியாகச் சேர்ந்திருப்பதைக் காட்டும் குறி) எங்கே, போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், கம்ப்ரஷன் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதெல்லாம் இரண்டாவதில்தான் இருக்கும். பழைய கார்களில் பானெட்டின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளிலேயே இக்னிஷன் டைமிங் டிகிரியும் ஐடில் வேகமும் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது ஓடும் வேகம்) அச்சாகியிருப்பதுண்டு.

வாரண்டி காகிதமும் எடுங்கள். கூடவே, சேஸிஸ் எண்ணைச் சொல்லி, இந்த இஞ்சினுக்குச் செயின் அல்லது டென்ஷனர் (செயினையும் பெல்ட்டையும் இறுக்கிப் பிடிக்கும் பகுதி) தொடர்பான ரீகால் அல்லது தயாரிப்பாளரின் சர்வீஸ் அறிவிப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள். இருந்தால் நீங்கள் ஒரு காசும் செலவழிக்க வேண்டாமல் போகலாம். ஆனால் நீங்களே மூடியைக் கழற்றிவிட்டுப் போனால் வாரண்டியில் தகராறு வரும். அதனால் முதலில் கேளுங்கள்.

4. அறிகுறியைச் சூழ்நிலையோடு எழுதுங்கள்

“பிக்கப் இல்லை” என்று மட்டும் சொன்னால் யாருக்கும் பயனில்லை. குளிர்ந்திருக்கும்போதா, சூடானபிறகா? ஐடிலிங்கிலா, ஏற்றத்திலா? திடீரென்று வந்ததா, மாதக்கணக்கில் கூடிக்கொண்டே வந்ததா? திடீரென்று என்றால் பல் தாண்டியிருக்கலாம். மெல்ல மெல்ல என்றால் செயின் நீட்சி, தேய்மானம், அல்லது டைமிங்கோடு சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று.

சில கூட்டணிகள் நம்பத்தகுந்தவை. இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடிகள் முன்பக்கத்தில் “கடகட” என்று சத்தம் வந்து மறைந்தால், செயின் டென்ஷனரில் ஆயில் அழுத்தம் ஏறத் தாமதமாகிறது, அல்லது கேமை முன்பின் திருப்பும் கேம் ஃபேசரின் பூட்டுப் பின் தேய்ந்திருக்கிறது. சூடான இஞ்சினில் செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் முக்கி முக்கித் திணறி எதிர்த்து உதைத்தால், இக்னிஷன் மிகவும் முந்தியிருக்கிறது. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சல்லிக் கற்களைக் குலுக்குவதுபோல் சத்தம் வந்தால் நாக்கிங்; டைமிங் முந்தியிருக்கலாம், ஆக்டேன் குறைந்த பெட்ரோலாக இருக்கலாம், உள்ளே கார்பன் படிந்திருக்கலாம். ஏர் ஃபில்டர் பக்கமாக “டப்” என்று திருப்பி அடித்தால் வால்வு டைமிங், அல்லது பிளக் ஒயர்கள் மாறிச் சொருகப்பட்டிருக்கின்றன. அண்மையில் யாராவது பிளக் மாற்றினார்களா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

5. பத்து நிமிடத்தில் பார்க்கக்கூடியவை

ஆயில் அளவு. சிரிக்காதீர்கள். மாறும் வால்வு டைமிங் உள்ள இஞ்சின்களில் கேமைத் திருப்புவதே ஆயில் அழுத்தம்தான். ஆயில் குறைந்தாலோ, சொன்ன கிரேடு அல்லாமல் வேறு கெட்டியான ஆயில் ஊற்றினாலோ, அழுக்கேறினாலோ, கேம் சொன்ன இடத்துக்குப் போகாது, கம்ப்யூட்டரில் பிழைக் கோடு விழும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியதோடு தீர்ந்துபோன “டைமிங் கோளாறு”கள் நிறைய.

ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட் உள்ள இஞ்சின்கள் சில உண்டு. அவற்றில் தயாரிப்பாளர் சொன்ன ஆயிலைத் தவிர வேறு ஊற்றினால் பெல்ட் ஊறி உரியும். உதிர்ந்த துகள் ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். அப்புறம் பிரச்சினை டைமிங்கோடு நிற்காது.

பேட்டரி பலம் பாருங்கள். மெதுவாகச் சுற்றும் இஞ்சின் ஸ்டார்ட் ஆகத் தாமதிப்பதற்கு டைமிங்கைக் குறை சொல்ல முடியாது. இன்டேக் பக்கத்து ரப்பர் குழாய்களில் வெடிப்பு, கழன்ற வேக்கம் குழாய், கேம் மற்றும் கிராங்க் சென்சார்களுக்குப் போகும் ஒயர் எங்காவது உரசித் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இஞ்சின் அணைந்து குளிர்ந்திருக்கட்டும்.

6. ஸ்கேனர்: கோடு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

ஓபிடி சாக்கெட் (கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் கருவியைச் சொருகும் இடம்) உள்ள காராக இருந்தால் போனோடு இணையும் சிறு கருவியே ஆரம்பத்துக்குப் போதும். முதல் எச்சரிக்கை: கோடை அழிக்காதீர்கள். கோடு விழுந்த நொடியில் இஞ்சின் வேகம், சூடு, சுமை எவ்வளவு என்று ஃப்ரீஸ் ஃப்ரேமில் பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டைமிங் பக்கம் அடிக்கடி வரும் கோடுகள் இவை:

பி0016, பி0017: முதல் பேங்கில் (பேங்க் என்பது சிலிண்டர்களின் ஒரு வரிசை) கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை. முதலாவது பெரும்பாலும் இன்டேக் கேம், அடுத்தது எக்ஸாஸ்ட் கேம்.
பி0018, பி0019: அதே புகார், வி வடிவ இஞ்சினின் இரண்டாவது பேங்கில்.
பி0011, பி0012: இன்டேக் கேம் தேவைக்கு மேல் முந்தியோ பிந்தியோ நிற்கிறது. எக்ஸாஸ்டுக்கு பி0014, பி0015.
பி0335: கிராங்க் சென்சார் சர்க்யூட். பி0340: கேம் சென்சார் சர்க்யூட்.
பி0300 முதல் தொடங்குபவை மிஸ்ஃபயர். பி0325 நாக் சென்சார்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பி0016 வந்தால் கேம் சென்சாரை மாற்றுவது வழக்கமாகிவிட்டது. ஒரு வீட்டில் இரண்டு கடிகாரங்கள் வேறு வேறு நேரம் காட்டுகின்றன என்று வையுங்கள். அந்தக் கோடு சொல்வது “இரண்டும் ஒத்துப்போகவில்லை” என்பதை மட்டும்தான். எது தப்பு என்று அது சொல்லவில்லை. செயின் நீண்டிருக்கலாம், பல் தாண்டியிருக்கலாம், ஃபேசர் சிக்கியிருக்கலாம், கிராங்க் ஸ்ப்ராக்கெட்டை (பற்சக்கரத்தை) நகராமல் பிடிக்கும் கீ உடைந்திருக்கலாம், சென்சார் படிக்கும் பல்வளையம் நகர்ந்திருக்கலாம். சென்சாரும் ஒரு சாத்தியம், அவ்வளவுதான். சென்சாரே செத்துவிட்டால் பெரும்பாலும் வருவது பி0335 அல்லது பி0340.

வி இஞ்சினில் எந்தப் பேங்க் புகார் சொல்கிறது என்பதும் துப்புதான். இரண்டும் சேர்ந்து சொன்னால் இரண்டுக்கும் பொதுவான இடத்தைத் தேடுங்கள்: கிராங்க் ஸ்ப்ராக்கெட், முதன்மைச் செயின், கிராங்க்கின் பல்வளையம். ஒரு பேங்க் மட்டும் என்றால் அந்தப் பக்கத்துக் கேம், ஃபேசர், செயின், சென்சார்.

பி0011 வகைக் கோடுகளுக்கு, ஸ்கேனர் அந்தந்த நொடியில் காட்டும் லைவ் டேட்டாவில் “கேட்ட கோணம்”, “கிடைத்த கோணம்” இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேட்டது பூஜ்யமாக இருக்கும்போதே கிடைத்தது பல டிகிரி தள்ளி நின்றால் ஃபேசரோ, அதற்கு ஆயிலை விடும் ஆயில் கண்ட்ரோல் வால்வோ சிக்கியிருக்கிறது. பட்டறையில் உள்ள பெரிய ஸ்கேனரால் அந்த ஆயில் வால்வுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கலாம். ஐடிலிங்கில் இன்டேக் கேமை நன்றாக முந்தவைத்தால் இஞ்சின் தடுமாற வேண்டும். தடுமாறினால் ஃபேசர் நகர்கிறது என்று அர்த்தம். எதுவுமே ஆகவில்லையென்றால் ஆயில் வால்வைக் கழற்றி அதன் சல்லடையில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. பல இஞ்சின்களில் அது ஒரே ஒரு போல்ட்.

லைவ் டேட்டாவில் காட்டும் இக்னிஷன் அட்வான்ஸ் டிகிரியை அளவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது கம்ப்யூட்டர் இடும் கட்டளை மட்டுமே. கிராங்க்கின் பல்வளையமே நகர்ந்துவிட்டால், கம்ப்யூட்டர் 10 டிகிரி என்று நினைத்துக்கொண்டிருக்கும், பொறி வேறெங்கோ விழும்.

7. வேக்கம் கேஜ், கம்ப்ரஷன் கேஜ்

மூடியைக் கழற்றாமலே உள்ளே எட்டிப்பார்க்க இந்த இரண்டும் உதவும். இரண்டுமே மலிவான கருவிகள். ஒரு தேவையில்லாத சென்சாரின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

வேக்கம் கேஜை (இஞ்சின் காற்றை உறிஞ்சும் வலுவை அளக்கும் கருவி) இன்டேக் மேனிஃபோல்டில், அதாவது காற்று உள்ளே போகும் குழாயில், மாட்டி, சூடான இஞ்சினை ஐடிலில் விடுங்கள். கடல் மட்டத்தில் நல்ல இஞ்சின் 17 முதல் 22 அங்குலப் பாதரசம் வரை, முள் ஆடாமல் காட்டும். உயரமான ஊரில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ள வேண்டும். முள் ஆடாமல் கொஞ்சம் குறைவாக, 15 வாக்கில் நின்றால் இக்னிஷன் பிந்தியிருக்கலாம். இன்னும் கீழே, 10 வாக்கில் சீராக நின்றால் வால்வு டைமிங்கையோ பெரிய காற்றுக் கசிவையோ சந்தேகியுங்கள். முள் ஒழுங்காக இடைவெளி விட்டு விழுந்து விழுந்து எழுந்தால் ஒரு வால்வு மூடவில்லை. ஐடிலில் சரியாக இருந்து, 2,500 சுற்றில் பிடித்து வைத்திருக்கும்போது மெல்லச் சரிந்துகொண்டே போனால் டைமிங்கை விட்டுவிட்டு சைலன்சர் பக்கம் போங்கள். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கும். இழுவை இல்லை என்ற புகாரில் டைமிங்போலவே வேஷம் போடுவது இந்த அடைப்புதான்.

டீசலிலும், த்ராட்டில் மூடிக்குப் பதிலாக வால்வு திறக்கும் உயரத்தாலேயே காற்றைக் கட்டுப்படுத்தும் இஞ்சின்களிலும் இந்தச் சோதனை பொருந்தாது. ஸ்கேனர் காட்டும் மேனிஃபோல்ட் அழுத்தமும் வேக்கம் கேஜும் ஒரே விஷயத்தைத்தான் அளக்கின்றன. அவற்றை இரண்டு தனி ஆதாரங்களாக எண்ணிவிடாதீர்கள்.

கம்ப்ரஷன் சோதனைக்கு இஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழு பலத்தோடு இருக்க வேண்டும். எல்லா பிளக்குகளையும் கழற்றுங்கள். பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிடுங்கள், காயில் கனெக்டர்களைக் கழற்றுங்கள், ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு, நாலைந்து அடி மட்டும் செல்ஃப் கொடுங்கள். நல்ல பெட்ரோல் இஞ்சின்கள் பெரும்பாலும் 10 பார் அழுத்தத்துக்கு மேல் காட்டும். சரியான எண் மேனுவலில்தான். டீசலில் அழுத்தம் இரண்டு மூன்று மடங்கு, அதற்குத் தனி கேஜ் வேண்டும். முன்பு இரண்டாம் படியில் சொன்ன “விர்ர்” சத்தம் வந்த இஞ்சினில் இந்தச் சோதனையே வேண்டாம்.

எண்ணைவிட எண்களின் வடிவம் முக்கியம். எல்லா சிலிண்டரும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் கேம் டைமிங் தள்ளியிருக்க வாய்ப்பு அதிகம். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் எல்லாம் ஒரே அளவாகத் தேய்வது அபூர்வம். ஒன்று மட்டும் தரையைத் தொட்டால் வளைந்த வால்வு, கேஸ்கெட், ரிங் என்று பாருங்கள். அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், எண் நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

8. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள கார் என்றால் டைமிங் லைட்

புதிய கார்க்காரர்கள் இந்தப் படியைத் தாண்டலாம்.

பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியைத் தூண்டும் தொடுமுனை) உள்ள கார் என்றால் முதலில் பாயிண்ட் கேப், அதாவது அதன் இடைவெளி, அப்புறம்தான் டைமிங். பாயிண்டின் உரசும் கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், பொறி தானாகவே பிந்தும். வரிசையை மாற்றிச் செய்தால் கேப் வைத்ததும் டைமிங் மறுபடி நகர்ந்துவிடும்.

புல்லியில் உள்ள மார்க்கைத் துருவைச் சுரண்டிச் சுண்ணக்கட்டியால் வெள்ளையடியுங்கள். டைமிங் லைட் ஒவ்வொரு பொறிக்கும் ஒருமுறை மின்னும்; அதன் கவ்வியை ஒன்றாம் நம்பர் பிளக் ஒயரில் மாட்டுங்கள். பொறியை முந்தவைக்கும் வேக்கம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி அடைத்துவிட வேண்டும் என்று பல கார்களில் சொல்லியிருப்பார்கள். கம்ப்யூட்டர் வந்த தொடக்க காலக் கார்களில் ஒரு கனெக்டரில் ஒயர் பாலம் போட்டால்தான் அடிப்படை டைமிங் தெரியும். போடாமல் திருப்பினால் கம்ப்யூட்டர் உங்களோடு மல்லுக்கட்டும். லேபிளில் சொன்ன ஐடில் வேகத்தில் பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பிறகு ஆக்ஸிலரேட்டரைத் தூக்கினால் மார்க் சீராக முந்த வேண்டும். குதித்தாலோ சிக்கினாலோ டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் சரியாக நகரவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். லைட் மின்னும்போது சுற்றும் ஃபேன் அசையாமல் நிற்பதுபோல் கண்ணுக்குத் தெரியும், கையை விட்டுவிடாதீர்கள். தொங்கும் துணி, செயின், மோதிரம் எதுவும் வேண்டாம். இரண்டாவது, பல புல்லிகளில் வெளிவளையம் நடுவில் உள்ள ரப்பரால்தான் ஒட்டியிருக்கிறது. ரப்பர் கிழிந்தால் வெளிவளையம் நழுவும், மார்க்கும் சேர்ந்து நழுவும். லைட் காட்டுவது பொய்யாகிவிடும்.

9. மார்க்கை நேரில் பார்ப்பது

இதுவரை வந்த ஆதாரங்கள் ஒரே பக்கம் கை காட்டினால் இப்போது மேல் மூடி. பெல்ட் இஞ்சின்களில் மேல் மூடியை மட்டும் கழற்றுவது பெரும்பாலும் சில போல்ட்டுகளோடு முடியும். செயின் இஞ்சினில் வால்வ் கவரை எடுக்க வேண்டும். புது கேஸ்கெட் கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, நியூட்ரலில் போட்டு, பிளக்குகளை எடுத்துவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் மட்டும் சுற்றுங்கள். இஞ்சின் சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும். முன்பக்கத்திலிருந்து பார்க்க அது பெரும்பாலும் கடிகாரத் திசை. ஹோண்டாவின் பழைய டி, பி வரிசை இஞ்சின்கள் எதிர்த்திசை. பின்னோக்கிச் சுற்றினால் டென்ஷனர் தளர்ந்து அப்போதே பல் தாண்டக்கூடும். எங்காவது கெட்டியாக இடித்தால் நிறுத்துங்கள், நீளமான ஸ்பேனரைத் தேடாதீர்கள். பெல்ட் அறுந்ததாகச் சந்தேகம் என்றால் முழுச் சுற்று வேண்டாம். கொஞ்சம் அசைத்து, ஆயில் ஊற்றும் வாய் வழியாகவோ மூடி இடுக்கு வழியாகவோ கேம் அசைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒன்றாம் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைப் புல்லி மார்க்கை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். பிளக் துளையில் ஒரு நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ராவை விட்டு, கையால் பிடித்துக்கொண்டே, அது ஏறி நிற்கும் இடத்தைப் பாருங்கள். இரும்புக் கம்பி கூடாது. கிராங்க் மார்க் ஒவ்வொரு சுற்றிலும் சேரும், கேம் மார்க் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் சேரும். கேம் மார்க் எதிர்ப்புறம் நின்றால் பதறாதீர்கள், இன்னொரு சுற்று சுற்றுங்கள்.

ஒரு பல் தாண்டினால் எவ்வளவு? கேம் ஸ்ப்ராக்கெட்டில் 40 பல் என்றால் ஒரு பல்லுக்கு 9 டிகிரி, கிராங்க் கணக்கில் 18 டிகிரி. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவுதான் அது. மார்க் அரைப் பல் அளவு தள்ளித் தெரிந்தால் நீங்கள் பார்க்கும் கோணம் தப்பாக இருக்கலாம், அல்லது செயின் நீண்டிருக்கலாம்.

இங்கே ஏமாற வாய்ப்பு அதிகம். செயினில் நிறம் பூசிய கண்ணிகள் மாட்டும்போது மட்டும்தான் மார்க்கோடு சேரும். இஞ்சின் ஓடிய பிறகு அவை மறுபடி சேரப் பல சுற்றுகள் ஆகும். அவை சேரவில்லை என்பதால் டைமிங் தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். எல்லா இஞ்சினிலும் மார்க் உச்சிப் புள்ளியில் இருக்காது. சுபாருவின் இஜே வரிசையில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் அம்புக்குறியும் உண்டு, சிறு கோடும் உண்டு; பெல்ட்டுக்குச் சேர்க்க வேண்டியது கோட்டை. சில இஞ்சின்களில் மார்க்கே கிடையாது, ஸ்ப்ராக்கெட்டுக்குக் கீயும் கிடையாது, போல்ட் இறுக்கத்தால்தான் நிற்கிறது. அவற்றில் கேமையும் கிராங்கையும் பூட்டும் தனிக் கருவி இல்லாமல் போல்ட்டைத் தொடக்கூடாது.

10. பட்டறையில் பேசும்போது

நீங்கள் எழுதிய குறிப்பு, கோடுகளின் படம், கம்ப்ரஷன் எண்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, கண்டுபிடிக்க எவ்வளவு, சரிசெய்ய எவ்வளவு என்று தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். கண்டுபிடிக்கக் காசு கேட்பவரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். இலவசமாகச் சொல்பவர் பெரும்பாலும் பொருளை மாற்றி மாற்றித்தான் கண்டுபிடிப்பார். ஆசிலோஸ்கோப் வைத்து கிராங்க், கேம் சிக்னல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து, நல்ல இஞ்சினின் வரைபடத்தோடு ஒப்பிடத் தெரிந்தவர் கிடைத்தால் விடாதீர்கள். மூடியையே தொடாமல் பல் தாண்டியிருப்பதைக் காட்டிவிடுவார்.

பெல்ட் என்றால் பெல்ட் மட்டும் மாற்றாதீர்கள். டென்ஷனர், பெல்ட்டை வழிநடத்தும் உருளையான ஐட்லர், அந்தப் பெல்ட்டே ஓட்டும் வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே கூலியில் முடியும். பிறகு பம்ப் கசிந்தால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும். செயின் என்றால் செயின் உரசி ஓடும் கைடு, டென்ஷனர், ஸ்ப்ராக்கெட். கிராங்க் போல்ட் பல இஞ்சின்களில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தக்கூடியது. எஸ்டிமேட்டில் புது போல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்க ஆயில் சீல், கூலண்ட் இவையும் பட்டியலில் இருக்க வேண்டும்.

நேரம்: பெல்ட் வேலை பெரும்பாலும் ஒரு பகலில் முடியும். செயின் அதைவிடக் கூடுதல். செயின் பின்பக்கம் இருக்கும் இஞ்சின்களில் இஞ்சினையோ கியர் பாக்ஸையோ இறக்க வேண்டியிருக்கும், அது நாள்கணக்கு. பொருள் வந்து சேர்ந்ததை உறுதிசெய்துகொண்டு வண்டியை விடுங்கள். முன்பக்கம் திறந்து கிடக்கும் கார் ஒரு சீலுக்காகக் காத்திருப்பது சகஜமாக நடக்கிறது.

பெல்ட் அறுந்து நின்ற கார் என்றால், ஹெட்டை இறக்கச் சம்மதிக்கும் முன் ஒன்று கேளுங்கள்: புது பெல்ட்டைத் தற்காலிகமாக மாட்டி, கையால் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றழுத்தக் கசிவுச் சோதனை செய்ய முடியுமா? வால்வு வளைந்திருந்தால் காற்று இன்டேக்கிலோ சைலன்சரிலோ சீறும். சீறவில்லையென்றால் தப்பித்தீர்கள்.

11. வேலை முடிந்து வண்டியை எடுக்கும் முன்

ஸ்டார்ட் செய்வதற்கு முன் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மார்க்குகள் மறுபடி சேர்ந்தனவா என்று கேளுங்கள். முடிந்தால் அந்த நேரத்தில் பக்கத்தில் இருங்கள், அல்லது படம் அனுப்பச் சொல்லுங்கள். கோடுகளை அழித்த பிறகு சில கார்களுக்குக் கிராங்க் சென்சார் ரீலேர்ன் (கம்ப்யூட்டருக்குச் சென்சாரின் சிக்னலை மறுபடி பழக்குவது) ஸ்கேனரால் செய்ய வேண்டும்; செய்யாவிட்டால் நல்ல இஞ்சினிலேயே மிஸ்ஃபயர் கோடு விழலாம். காரின் கம்ப்யூட்டரையும் படித்துப் பார்க்கும் புகைச் சோதனைக்குப் போவதாக இருந்தால் கோடு அழித்த கையோடு போகாதீர்கள். கம்ப்யூட்டர் தன் சுயபரிசோதனைகளை முடிக்கச் சில நாள் சாதாரணமாக ஓட்ட வேண்டும்.

வண்டியை இரவு பட்டறையிலேயே விட்டு, மறுநாள் காலையில் குளிர்ந்த இஞ்சினை நீங்களே முதல் ஆளாக ஸ்டார்ட் செய்து பார்ப்பது நல்லது. செயின் சத்தம் சூடான இஞ்சினில் ஒளிந்துகொள்ளும்.

பில்லில் கிலோமீட்டர், தேதி, மாற்றிய ஒவ்வொரு பொருளின் பார்ட் எண் இவை தனித்தனி வரியாக இருக்கட்டும். “டைமிங் வேலை” என்று ஒரே வரியில் எழுதிய பில்லை வாங்காதீர்கள். பழைய பெல்ட்டையும் டென்ஷனரையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெல்ட்டில் ஆயில் ஊறியிருந்தால் ஏதோ ஒரு சீல் கசிகிறது. அதை இப்போதே அடைக்கவில்லையென்றால் புது பெல்ட்டும் கெடுவுக்கு முன்பே போகும்.